தரையைப் பார்த்தபடி ஒரு ஒலிம்பிக்ஸ்

முதலில் டிவி மேல்தான் பழி போட்டேன். ஒரு சாயங்காலம் பாட்மின்டன் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் யாரோ கறுப்புத் துணியை மாட்டிவிட்டது போலத் தெரிந்தது.

"ஏங்க, டிவி பேனல் போயிடுச்சு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையே."

சமையலறையிலிருந்து என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் எதற்கும் அவ்வளவுதான் பேசுவார். நான் செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டேன். ரிமோட்டைத் தொடையில் தட்டினேன். பிறகு தற்செயலாகச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கேயும் அந்தக் கறுப்பு தொங்கியது. காலண்டரில் பாதியைக் காணோம். வலது கண்ணை மூடினால் இன்னும் மோசம். கெட்டது டிவி இல்லை, என் இடது கண்.

மறுநாள் காலையில் கண் மருத்துவமனையில், விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாக விளக்கினார். "கண்ணுக்குள்ள ஒரு கேஸ் குமிழி வெச்சு அனுப்புவோம்மா. அந்தக் குமிழி மேல எழும்பி விழித்திரையைப் பிடிச்சு அழுத்திக்கணும். அதுக்கு நீங்க தலையைக் கவுத்தே வெச்சிருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் நிமிரலாம்."

"எத்தனை நாள் டாக்டர்?"

"ரெண்டு வாரம் வெச்சுக்கோங்க."

வலி எவ்வளவு இருக்கும், பார்வை எவ்வளவு திரும்பும் என்றெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரே ஒரு கவலைதான் வந்தது. இன்னும் இரண்டே நாளில் ஒலிம்பிக்ஸ் ஆரம்பம்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் எந்த விளையாட்டையும் ஆடியவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்கிப்பிங் கயிறு தடுக்கி விழுந்ததோடு என் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. ஆனால் பார்ப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து ரயிலேறிப் போய்விட்டு, திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே டிவியைப் போடுவேன். எந்த நாட்டில் எந்தப் போட்டி நடந்தாலும் சரி. கூடவே எனக்கு அபிப்பிராயங்களும் நிறைய. ஓட்டப் பந்தயத்தின் நடுவில் ஏன் விளம்பரம் போடுகிறார்கள்? நம் நாட்டுக்காரர் தோற்று வெளியேறியவுடன் அந்தப் போட்டியே உலகத்தில் இல்லாததுபோல ஏன் வேறு இடத்துக்குத் தாவுகிறார்கள்? குத்துச்சண்டையில் மூக்கில் ரத்தம் வழிய நிற்கிற பெண்ணிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று ஏன் மைக்கை நீட்டுகிறார்கள்? இதையெல்லாம் டிவியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்பேன். என் கணவர் அந்த நேரத்தில் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அவருக்கு விளையாட்டு என்றால் ஆகாது. சமையல் வீடியோ பார்ப்பார், அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்து.

அந்த வருஷம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். லீவு போடாமல், தலைவலி என்று பொய் சொல்லாமல், முழுசாக உட்கார்ந்து பார்க்கப் போகிற முதல் ஒலிம்பிக்ஸ். அதற்குத்தான் இந்தக் கதி.

பெங்களூரிலிருந்து மகள் வந்து, ஆபரேஷன் முடிகிறவரை கூட இருந்து, நடுவில் ஓட்டை வைத்த தலையணை ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள். ஹாலில் ஒரு நாற்காலி, எதிரில் ஒரு சின்ன மேஜை, மேஜை மேல் அந்தத் தலையணை. நெற்றியை அதில் பதித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது மொசைக் தரையும் என் இரண்டு பாதங்களும்தான். டிவி எனக்கு எதிரில், தலைக்கு மேலே எங்கேயோ ஓடியது. போனைத் தரையில் வைத்துப் பார்க்கலாம் என்று மகள் போகும்போது யோசனை சொல்லியிருந்தாள். அரை மணி நேரம் பார்த்தேன். வலது கண்ணின் விழித்திரையிலும் மெலிந்த இடங்கள் இருக்கின்றன என்று லேசர் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. என் கணவர் குனிந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷமாக நான் வர்ணனையாளர்களைத் திட்டிக்கொண்டிருந்தாலும், அவர்கள் பேசுவதை ஒரு நாளும் காதில் வாங்கியதே இல்லை. கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இப்போது காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, நீச்சல் போட்டி இப்படி இருந்தது: வீராங்கனை எந்த ஊரில் பிறந்தாள், அவளுடைய அப்பா என்ன வேலை பார்த்தார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள். பிறகு ஒரு விசில். பிறகு "ஆஹா! என்ன ஒரு தருணம்! பார்த்தீர்களா!" என்று ஒரு கத்தல். கூட்டத்தின் இரைச்சல். அத்தோடு முடிந்துவிட்டது. என்ன தருணம் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த பிரஷர் குக்கர் விளம்பரம் மட்டும் எனக்கு முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகப் புரிந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். "கொஞ்சம் இங்க வந்து உக்காந்து என்ன நடக்குதுன்னு சொல்லுங்களேன்."

வந்தார். சோபா அமுங்குகிற சத்தம் கேட்டது.

"நீந்தறாங்க" என்றார்.

"யாரு முன்னாடி?"

"தெரியலை. தண்ணிதான் தெரியுது."

"தொப்பி என்ன கலர்னு பாருங்க."

"எல்லாரும் தொப்பி போட்டிருக்காங்க."

"அதான் என்ன கலரு?"

"முடிஞ்சிடுச்சும்மா."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஒரு தொப்பி கலர் சொல்லத் தெரியலை, உங்ககிட்ட கேட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போயிருப்பார். கோபம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

மறுநாள் எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண் சில நாள் லீவு முடிந்து வந்தாள். பீர்க்கன்கரணையிலிருந்து வருகிறவள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள். துடைப்பத்தோடு ஹாலுக்குள் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, டிவிய போட்டுகினு தரைய பாத்துகினு கீற?"

காரணத்தைச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டிவியில் பெண்கள் பளு தூக்குதல்.

"யக்கா, ஒரு பொண்ணு வர்றா. நம்ம மாரி குள்ளமாத்தான் கீறா. கைல வெள்ளப் பவுடர் கொட்டிக்கிறா. இன்னாமோ வாய்க்குள்ள பேசிக்கிறா. குனியறா... யம்மாடி, நெஞ்சு வரிக்கும் வந்துடுச்சு! மூஞ்சி செவந்து போச்சுக்கா, நரம்பெல்லாம் பொடச்சிகினு கீது. தூக்குடி! தூக்குடி! தூக்கிட்டாக்கா!"

நான் தலையைக் கவிழ்த்தபடியே கை தட்டினேன். எனக்கு மூச்சு வாங்கியது, ஏதோ நானே தூக்கியதுபோல. அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "பாவம், கீழ வெச்சிட்டு அழுவுதுக்கா" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள். எனக்குத் தெரியாதது, என் கணவர் சமையலறை வாசலில் நின்று இது முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது. அவரே பிறகு சொன்னார்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லு."

சொன்னேன். முதலில் எத்தனை பேர், யார் எந்த நிறம், யார் எந்தப் பக்கம். பிறகு யார் முன்னால், யார் பின்னால். பெயர் வேண்டாம், ஸ்கோரை வர்ணனையாளர்கள் சொல்லிவிடுவார்கள். உங்கள் கண்ணில் என்ன படுகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

அன்று அவர் டேபிள் டென்னிஸில் ஆரம்பித்தார். பந்து போகிற வேகத்துக்குச் சொல்ல முடியாமல் திணறி, "இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "நெட்டு!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதம்மா, தலை ஆடுது" என்று என் பிடரியில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் தேறிக்கொண்டே வந்தார். நான் பார்த்திருந்தால் கவனித்திருக்க மாட்டேன் என்கிற விஷயங்களாகச் சொல்ல ஆரம்பித்தார். உயரப் பலகையிலிருந்து தண்ணீரில் குதிக்கிறவர்கள், குதிப்பதற்கு முன்னால் கையில் ஒரு சின்னத் துண்டு வைத்துக் காலைத் துடைத்துவிட்டு அதைக் கீழே வீசுகிறார்களாம். "அந்தத் துண்டை யார் எடுக்கறாங்கன்னு காட்டவே மாட்டேங்கறான்" என்று குறைப்பட்டார். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்தத் துண்டு என் கண்ணில் பட்டதே இல்லை. ஜூடோவில் தோற்ற பெண் எழுந்து உடையைச் சரிசெய்து, இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வணங்கினாள் என்றார். ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பெண் பாரைப் பிடித்துச் சுழலும்போது, ஓரமாக நின்ற பயிற்சியாளரின் கை தானாக மேலே போய்ப் போய் இறங்கியது என்றார். "அவ விழுந்தா புடிக்கறதுக்கா?" என்று கேட்டேன். "இல்ல. அவரும் கூடவே சுத்தறார்" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம் வந்தது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவேன். அவருடைய குரல் மட்டும் போதும். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் அந்த இரண்டு வாரப் பேச்சுக்கு ஈடாகாது என்று தோன்றியது. டயர் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு, ரிட்டயராகும்வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஏறிப் போய் வந்த மனிதர். பேசாதவர், அதனால் கவனிக்காதவர் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வில்வித்தைதான் எங்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. மெதுவாக நடக்கும், ஒவ்வொன்றாகச் சொல்ல நேரம் இருக்கும். அதில் ஒரு புதுமை செய்திருந்தார்கள். அம்பு விடுகிறவரின் இதயத்துடிப்பைத் திரையில் எண்ணாகக் காட்டினார்கள். என் கணவர் அதைப் பார்த்து முதலில் கோபப்பட்டார்.

"அந்தப் பொண்ணுக்குப் படபடன்னு அடிக்குது. அதைப் போய் ஊருக்கெல்லாம் காட்டணுமா?"

"பாக்கறவங்களுக்கு சுவாரசியமா இருக்கும்ல?"

"உனக்கு ஆபரேஷன் நடந்தப்போ உன் துடிப்பையும் இப்படி டிவில காட்டியிருந்தா? அதுவும் சுவாரசியம்தான்."

அது வரைக்கும் எனக்கு மட்டும்தான் அபிப்பிராயம் உண்டு என்று நினைத்திருந்தேன்.

பெண்கள் வில்வித்தை இறுதிப் போட்டி ஒரு சாயங்காலம் வந்தது. இரண்டு பேரும் வேற்று நாட்டுக்காரர்கள். நம் ஆள் இல்லாத போட்டியை நம் சேனல்கள் முழுசாகக் காட்டுவது அபூர்வம். அன்று என்ன நினைத்தார்களோ, காட்டினார்கள். காலையிலிருந்து புழுக்கம். போட்டி ஆரம்பித்தபோது வெளியே இடி கேட்டது. நீலச் சட்டை ஒரு சுற்று ஜெயித்தால் சிவப்புச் சட்டை அடுத்த சுற்றை ஜெயித்தாள். கடைசியில் இரண்டு பேரும் சமம். ஆளுக்கு ஒரே ஒரு அம்பு. யாருடையது நடுப்புள்ளிக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவளுக்குத் தங்கம்.

"நீலம் விட்டுட்டா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஒம்பது. கோட்டுக்குக் கிட்ட. இப்ப சிவப்பு வர்றா. மூச்சை இழுத்து விடறா. வில்லைத் தூக்கிட்டா. நாண் மூக்குல படுது, உதட்டுல படுது. கண்ணைச் சிமிட்டவே இல்லை..."

கரன்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது. வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. எங்கள் இன்வெர்ட்டரின் பேட்டரி செத்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. போனில் பார்க்கலாமென்று அவர் எடுத்தார். எங்கள் தெருவில் கரன்ட் போனால் சிக்னலும் கூடவே போய்விடும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது என்றார். நான் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இருட்டும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலித்தது. எத்தனையோ நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த ஒரு அம்பில் வந்து நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று நினைக்க நினைக்க வந்தது.

"ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தைச் சொல்றது? டிவியே ஓடலையே."

"பரவாயில்லை. எதையாவது சொல்லுங்க."

அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் கதவைத் திறக்கிற சத்தம். மண் வாசனையும் சாரலும் உள்ளே வந்தன.

"எதிர் வீட்டு சார் ஸ்கூட்டரைத் தள்ளிட்டு வர்றார்" என்றார். "வாசல் சரிவுல ஏத்தப் பாக்கறார். முன் சக்கரம் ஏறிடுச்சு. பின் சக்கரம் வழுக்குது. அவங்க வீட்டம்மா வாசல்ல நின்னு கையை ஆட்டி ஏதோ சொல்றாங்க."

"திட்டறாங்களா?"

"வாயைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. சார் ரெண்டாவது தடவை முயற்சி பண்றார். தள்ளறார்... ஏத்திட்டார்!"

நான் சிரித்தேன். அவர் விடவில்லை. அயர்ன் வண்டிக்காரர் தார்ப்பாயை இழுத்துத் துணிமேல் போட்டார், அது காற்றில் தூக்கிக்கொண்டு போனது, அதை இழுத்துப் பிடித்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். ஸ்டேஷன் பக்கமிருந்து இரண்டு பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதில் ஒருத்தி நனைந்தால் நனையட்டும் என்று நிதானமாக நடந்தாள், இன்னொருத்தி அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் ஏரிப் பக்கமாக ஓட ஆரம்பித்தது, அதில் யாரோ வீட்டு பிளாஸ்டிக் குடம் ஒன்று மிதந்து போனது. அந்தக் குடம் எங்கள் வாசலைத் தாண்டி, மின்கம்பத்தில் முட்டி, திரும்பி, அடுத்த வீட்டுக் கேட்டில் சிக்கி, அதிலிருந்தும் விடுபட்டு முனைக்குப் போகிறவரை சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தெருவில் குடியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள்கூட அதை அப்படிப் பார்த்ததில்லை.

கரன்ட் வந்தபோது பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க?"

"சிவப்பு" என்றார். "நீலமும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கறா."

அந்தக் கடைசி அம்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை. தேடினால் கிடைக்கும். தேடவில்லை. எனக்கு அந்தச் சாயங்காலம் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருக்கிறது.

ஒலிம்பிக்ஸ் முடிய இரண்டு நாள் இருந்தபோது, நிமிரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இடது கண்ணில் குமிழி இன்னும் பாதி இருந்தது. தலையை அசைத்தால், கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தில் குமிழி ஆடுவதுபோல ஆடியது. அதற்கு மேலே மங்கலாக வெளிச்சம். வீட்டுக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து முதலில் டிவியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, சொட்டு மருந்து விட்டு, பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்த ஆளுக்குச் சவரம் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

"இப்பதான் நீயே பாக்கறியே" என்று அவர் எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்கு இன்னும் மங்கலாத்தான் தெரியுது" என்றேன். அது உண்மைதான்.

பார்வை பெருமளவு திரும்பிவிட்டது. முழுசாக இல்லை. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் நேர்க்கோடு கொஞ்சம் வளைகிறது. ஓட்டப் பந்தயத் தடங்கள் நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. வர்ணனையாளர்களை முன்னைப்போல் திட்டுவதில்லை. கண்முன் நடப்பதை நடக்கிற வேகத்திலேயே இன்னொருவருக்குச் சொல்வது எத்தனை கஷ்டம் என்று எங்கள் வீட்டு சோபாவிலேயே பார்த்துவிட்டேன். விளம்பரத்தை மட்டும் இன்னமும் திட்டுகிறேன். அதில் அவரும் சேர்ந்துகொள்கிறார்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். கண்பாப்பாவை விரிய வைக்கிற மருந்தை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஹாலில் வரிசையாக எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல் ஓடும். யாருக்காக என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர், குரலை வைத்துப் பார்த்தால் எங்கள் வயசுதான் இருக்கும், பொதுவாக யாரையோ கேட்டார்: "டிவில என்னங்க ஓடுது?"

"உலகப் போட்டி. டேபிள் டென்னிஸ்" என்றார் என் கணவர். தொண்டையைச் செருமினார். பிறகு, "ரெண்டு பொண்ணுங்க. பச்சைச் சட்டை இடது பக்கம், இடது கைக்காரி. வெள்ளைச் சட்டை கொஞ்சம் உயரம், ஒவ்வொரு தடவையும் பந்தைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மேஜையைத் தொட்டுக்கறா" என்று ஆரம்பித்தார்.

ஹாலில் நர்ஸ் பெயர் கூப்பிடுகிற சத்தமும் அவருடைய குரலும் மட்டும்தான். வரிசையில் எங்கேயோ ஒரு பெண், "சார், இப்ப யாரு லீடிங்?" என்று கேட்டாள். சொன்னார். ஒரு நீண்ட ஆட்டம் முடிந்தபோது இரண்டு மூன்று பேர் கண்ணைத் திறக்காமலே கை தட்டினார்கள்.

"நல்லா சொல்றீங்க சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "நீங்க கோச்சா?"

"இல்லைங்க. டயர் கம்பெனில அக்கவுன்ட்ஸ். எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது."

நான் கண்ணை மூடிக்கொண்டே அவருடைய முழங்கையைத் தேடிப் பிடித்தேன். டாக்டரம்மாவுக்கு, கண்ணுக்குள் வந்து கரைந்துபோன அந்தக் குமிழிக்கு, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு என்று நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் உண்டு. இவரிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், அடுத்த செட் ஆரம்பிச்சிருக்கும், என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.